கிரீடம் இல்லாமல் ஒரு ராசா மகளை வரைவது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: "தேவகோட்டைப் பக்கம் என் அப்பத்தா சொன்ன ஒரு கதையை எட்டு நிமிட அனிமேஷன் படமாகச் செய்கிறேன். பகைவருக்குப் பயந்து ஒரு ராசா மகளைச் செட்டியார் வீட்டில், அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியாக ஒளித்து வைக்கிறார்கள். ராசா மகளை வரைந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் 'அழகா இருக்கா' என்கிறார்கள். 'எப்படிப்பட்டவ?' என்று திருப்பிக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. டிஸ்னி இளவரசிகளைப் பார்த்தவுடனே இவள் துடுக்கு, இவள் கூச்சம் என்று தெரிந்துவிடுகிறதே, அது எப்படி? கடைசிக் காட்சியில் கிரீடம் வைக்கலாமா?"

நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றிலும் உழைப்பெல்லாம் முகத்துக்கே போயிருக்கிறது. இமை, மூக்குத்தி, உதட்டு வளைவு எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். கழுத்துக்குக் கீழே இருப்பது அப்புறம் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 2010இல் வந்த 'டேங்கிள்ட்' ராபன்சல், 2013இல் வந்த 'ஃப்ரோஸன்' எல்சா, அன்னா, மூன்று பேரின் முகத்தையும் வெட்டி, தலைமுடியை அழித்துவிட்டு அடுத்தடுத்து வையுங்கள். உருண்டைக் கன்னம், குட்டி மூக்கு, மணிக்கட்டை விடப் பெரிய கண். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்வீர்கள். (இரண்டு பேர் நிஜமாகவே அக்கா தங்கைதான், அது வேறு விஷயம்.) முகத்தில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் படத்தில் மூவரையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. காரணம், ஒவ்வொருத்தியும் தன்னைச் சுற்றி இருப்பதோடு எந்த இடத்தில் பொருந்தாமல் நிற்கிறாள் என்பதைத்தான் நம் கண் முதலில் பிடிக்கிறது. சுற்றி இருப்பது ஊராக இருக்கலாம், கூட நிற்கிற ஆட்களாக இருக்கலாம், அவள் உடுத்தியிருக்கிற துணியாகவே கூட இருக்கலாம். உங்கள் தாளில் அவள் வெறும் வெள்ளைத் தாளில் நிற்கிறாள். பொருந்துவதற்கும் ஒன்றும் இல்லை, பொருந்தாமல் போவதற்கும் ஒன்றும் இல்லை. அதனால்தான் அழகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) தொடக்கக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு. பெல் வீட்டை விட்டு ஊருக்குள் நடந்து போகிறாள். அந்த ஊரே பழுப்பு, காவி, மங்கிய பச்சை, செங்கல் சிவப்பு. அதில் நீலம் உடுத்தியவள் அவள் ஒருத்திதான். தற்செயலாக வந்த நிறம் இல்லை, வேண்டுமென்றே ஊர்க்காரர்கள் யாருக்கும் நீலம் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் காஸ்டனுக்குச் சிவப்புச் சட்டை. பிறகு கோட்டையில் பீஸ்ட்டைப் பார்க்கும்போது அந்த ரோமக் குவியலுக்குள் நீலக் கண் இருக்கிறது. அவள் யாரோடு சேருவாள் என்று நிறமே சொல்லிவிட்டது, வசனம் பின்னால் வருகிறது.

இதில் நீலம் என்றால் அறிவு, சிவப்பு என்றால் ஆணவம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். இணையத்தில் அப்படிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன, பெரும்பாலும் குப்பை. அந்த ஊர் முழுக்க நீலமாக இருந்திருந்தால் பெல்லுக்கு மஞ்சள் கொடுத்திருப்பார்கள், அதுவும் வேலை செய்திருக்கும்.

அதே பெல்லிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னால் இழுத்துக் கட்டிய தலையிலிருந்து ஒரு கற்றை முடி நெற்றியில் விழுந்துகொண்டே இருக்கிறது, அவள் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறாள். புத்தகத்தில் ஆழ்ந்து போகிறவள், கண்ணாடி முன்னால் நேரம் போக்காதவள் என்பதெல்லாம் அந்த ஒரு கற்றையில் வந்துவிடுகிறது. 'மூலான்' (1998) படத்தில் பெண் பார்க்கும் வைபவத்துக்கு அவளை அலங்காரம் செய்கிறார்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு, இறுக்கிக் கட்டிய ஆடை, வாரி முடித்த தலை. எல்லாம் முடிந்தபின் அவள் கண்ணாடியைப் பார்த்து, ஒரே ஒரு கற்றையை மட்டும் தானே நெற்றியில் இழுத்து விட்டுக்கொள்கிறாள். பெல்லுக்குத் தானாக விழுந்தது, இவள் வேண்டுமென்றே இழுத்து விடுகிறாள். இரண்டு பேர், இரண்டு குணம்.

'பிரேவ்' (2012) படத்தில் இதையே ஒரு சண்டையாக்கிவிட்டார்கள். மெரிடாவின் சுருட்டை முடிக்காகச் சுமார் 1,500 சுருள்களைத் தனித்தனியாக வடித்து, அவை அசைவதற்கென்றே புதிய மென்பொருளும் எழுதினார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்த முடியைச் சுயம்வரக் காட்சியில் ஒரு முக்காட்டுத் துணிக்குள் திணித்து மூடிவிடுகிறார்கள். மெரிடா ஒரு சுருளை வெளியே இழுத்து விடுகிறாள். அம்மா அதை உள்ளே தள்ளுகிறாள். அம்மா திரும்பியதும் மகள் மறுபடியும் இழுத்து விடுகிறாள். தாய்க்கும் மகளுக்கும் உள்ள வழக்கு முழுதும் அந்தச் சில நொடிகளில் முடிந்துவிட்டது. அப்புறம் வில்லை எடுக்கும்போது அந்த இறுக்கமான உடுப்பு தோளை அசைய விடவில்லை. தையலைப் பிரித்துக்கொண்டுதான் அம்பு விடுகிறாள். உடை என்பது உடம்போடு சண்டை போடுகிற இன்னொரு பாத்திரம் என்பதற்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதே மெரிடாவுக்கு 2013இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்னியின் அதிகாரப்பூர்வ இளவரசிகள் வரிசையில் அவளைச் சேர்த்தபோது, விளம்பரத்துக்கென்று புதிதாக ஒரு படம் வெளியிட்டார்கள். இடுப்பு சிறுத்திருந்தது. தோள் தெரியும்படி கழுத்து இறங்கியிருந்தது. முடி படிந்து, உடை மினுமினுத்தது. வில்லும் அம்பறாத்தூணியும் காணோம். பெயர் அதேதான், சிவப்பு முடியும் அதேதான், ஆனால் அது வேறு பெண். படத்தைத் தொடங்கி இயக்கிய பிரெண்டா சாப்மனே வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முகத்தை வைத்தே குணத்தைக் காட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணம் வேண்டுமென்றால் 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959). அதன் பின்னணி ஓவியங்களை வடிவமைத்த ஐவிண்ட் எர்ல், மரத்தைக்கூடச் சதுரமாகவும் நெட்டுக்குத்தாகவும் வரைந்தார். அதற்கு ஏற்றாற்போல் அரோராவையும் நெட்டையாக, கோடு பிசகாமல் வரைந்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் அரோரா எப்படிப்பட்டவள்? எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னணியோடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டாள். அவளுடைய உடையின் நிறம் இளஞ்சிவப்பா நீலமா என்று தேவதைகள்தான் சண்டை போடுகிறார்கள், உடுத்தியிருக்கிறவளுக்கு அதில் வாய் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அரோராவுக்கு உயிர் கொடுத்த அதே அனிமேட்டர் மார்க் டேவிஸ்தான் படத்தின் வில்லி மலெஃபிசென்ட்டுக்கும் உயிர் கொடுத்தார். கொம்பும் கறுப்பு அங்கியுமாக அவள் அரசவைக்குள் வந்து நின்றதும் அங்கே எதோடும் ஒட்டுவதில்லை. அதனால் அவளை யாரும் மறப்பதில்லை.

சரி, இனி உங்கள் கதைக்கு வருகிறேன். நீங்கள் அவளுக்கும் நெற்றியில் ஒரு கற்றை முடியைத் தொங்க விட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். முதல் காரணம், அது தேய்ந்துபோன உத்தி. துடுக்கான பெண் என்றாலே ஒரு கற்றை முடி என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். இரண்டாவது காரணம்தான் முக்கியம்: நம் ஊரில் தலைமுடிக்கு வேறு கதை இருக்கிறது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலைதான் இங்கே ஒழுங்கான தலை. அவிழ்ந்த கூந்தல் என்றால் நமக்கு ஞாபகம் வருவது பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியும், சபதம் போட்ட பாஞ்சாலியும். மெரினாவில் 1968இல் வைத்த கண்ணகி சிலையைப் பாருங்கள், ஒரு கையில் சிலம்பு, முதுகில் விரிந்த கூந்தல். அது சினத்தின் அடையாளம், துக்கத்தின் அடையாளம். எல்சா பனிமலை ஏறிப் போய், கையுறையையும் மேலங்கியையும் வீசிவிட்டுக் கொண்டையை அவிழ்க்கும்போது அங்கே அது விடுதலை. நம் ராசா மகள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நின்று கூந்தலை அவிழ்த்தால், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அப்பத்தா 'யார் வீட்டைக் கொளுத்தப் போறா?' என்றுதான் நினைப்பார்.

எல்சாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கையுறைதான். தொடப் பயப்படுகிறவள் என்பதை ஒரு துணித்துண்டில் சொல்லிவிட்டார்கள். தொடக்க ஓவியங்களில் எல்சா நீலத்தோலும் முள் முள்ளான முடியுமாக ஒரு வில்லியாகத்தான் இருந்தாள். 'லெட் இட் கோ' பாட்டு கிடைத்தபின்தான் கதையும் வடிவமும் மாறின. வில்லியாக இருந்தால் தோலே மிரட்ட வேண்டும், பயந்த பெண்ணாக இருந்தால் கழுத்து வரை மூடிய அங்கியும் கையுறையும் போதும்.

உங்கள் ராசா மகளுக்குக் கையுறை மாதிரி ஒன்று வேண்டும், இந்த மண்ணிலிருந்து. நான் யோசித்தவரை மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது பாவாடை விளிம்பு. வேலை செய்கிற வீட்டில் வளர்ந்த பெண் முற்றத்தில் இறங்கினால் கை தானாகப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகும். அரண்மனையில் வளர்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. பின்னால் தூக்கிப் பிடிக்க ஆள் இருந்திருக்கும். எனவே அவள் ஈரத் தரையில் விளிம்பை இழுத்துக்கொண்டே போகிறாள், கீழே குனிந்துகூடப் பார்ப்பதில்லை. விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு ஈரக்கறை. இது ஒன்றே போதும், இவள் இந்த வீட்டுப் பெண் இல்லை என்று.

இரண்டாவது நிலைப்படி. பழைய வீடுகளில் உள்ளறைக் கதவுகளுக்குக் குனிந்துதான் போக வேண்டும். வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே, பார்க்காமலே குனிந்து நுழைவார்கள். தலை குனிந்து பழகாதவள் நெற்றியை இடித்துக்கொள்வாள். முதல்முறை இடிக்கும்போது சிரிப்பு வரட்டும். இரண்டாம் முறையும் இடித்துக்கொண்டு, வலித்ததைக் காட்டாமல் முகத்தை நேராக வைத்துக்கொண்டு போனால், அங்கே குணம் வந்துவிட்டது.

மூன்றாவது பந்தி. வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிடும் ஒரு ஷாட் வையுங்கள். எல்லா முதுகும் வளைந்து, எல்லாத் தலையும் இலைக்கு மேலே கவிழ்ந்து இருக்கட்டும். ஒரு முதுகு மட்டும் நேராக. பெல்லுக்கு ஊர் நடுவே நீலம் செய்த வேலையை இங்கே முதுகெலும்பு செய்யும். ஒளிந்திருக்கிறவளுக்கு நிறத்தை மாற்றிக் கொடுக்க முடியாது, கொடுத்தால் கதையே குலைந்துவிடும், பகைவனின் ஒற்றனும் அதைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே பார்வையாளருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் நிலையிலும் நடையிலும்தான் வர வேண்டும். உண்மையில் உங்கள் கதை டிஸ்னி கதைகளை விடக் கடினமானது, சுவாரசியமானதும்கூட.

ஆனால் ஒன்றை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்: அவள் செருக்குள்ளவளா, பயந்தவளா? நேரான முதுகு இரண்டுக்கும் பொருந்தும். செருக்கு என்றால் தோள் பின்னால் போகும், கழுத்து நீளும், கை இலையின் ஓரத்தில் சும்மா கிடக்கும். பயம் என்றால் அதே நேர் முதுகோடு தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், இடக்கை பாவாடையைக் கசக்கிக்கொண்டிருக்கும். கண்ணைக் கொஞ்சமும் மாற்றாமல் இந்த இரண்டையும் வரைந்து பாருங்கள்.

அந்த வீட்டுப் பெரிய ஆச்சிக்கும் இதே கவனம் கொடுங்கள், அவருக்குப் பக்கத்தில்தான் இவள் தெரிவாள். உங்கள் தாளில் பெரிய ஆச்சி இன்றைய முறையில் முன்கொசுவம் வைத்துக் கட்டியிருக்கிறார். அந்தக் காலத்து ஆச்சிமார் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டுவார்கள். வரைகிறவருக்கு அது பெரிய வரம். கொசுவம் பின்னால் விசிறியாக நிற்பதால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணம் பிந்தி அது ஆடும். வேகமாக நடந்தால் படபடக்கும், கோபமாகத் திரும்பினால் அதுவும் சேர்ந்து வெட்டித் திரும்பும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்தும் செருகிவிடுங்கள். ஆச்சி வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றப் பெண்கள் கையில் இருப்பதை வேகமாகச் செய்யத் தொடங்குகிறார்கள், ராசா மகள் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள்.

நிறத்துக்கு வருகிறேன். இங்கேயும் வெளியூர் அகராதியை அப்படியே எடுக்காதீர்கள். 'அலாதின்' (1992) படத்தில் நல்லவர்கள் பக்கம் நீலம், வில்லன் ஜாஃபர் பக்கம் சிவப்பும் கறுப்பும். ஜாஃபர் இளவரசி ஜாஸ்மினைச் சிறை வைத்திருக்கும்போது அவளுக்குக்கூடச் சிவப்பு உடை போட்டுவிடுகிறார்கள். அங்கே சிவப்பு அடிமைத்தனம், நமக்கோ அது குங்குமம், கூறைப்புடவை. அதே மாதிரி, தூய்மையாகத் தெரியட்டும் என்று மூன்றாவது தாளில் அவளுக்கு வெள்ளைப் புடவை கட்டியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துச் செட்டிநாட்டு வீட்டில் வெள்ளை கட்டிய இளம்பெண் என்றால் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். உங்கள் கதையில் அப்படி ஒரு துயரம் இல்லை. மாற்றிவிடுங்கள்.

வீட்டின் நிறத்தைப் பார்த்து அதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த சுவர், பளிங்கு மாதிரி வெள்ளை. தேக்குத் தூணும் கதவும் கருந்தேன் நிறம். கீழே ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு, பச்சை, மஞ்சள். இந்த இடத்தில் உங்கள் கோதுமை நிறத்து ராசா மகள் சுவரோடு கரைந்துபோகிறாள். அவளை நல்ல மாநிறமாக, இன்னும் ஒரு படி கறுப்பாகவே தீட்டுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும், புருவம் தூக்கினால்கூடப் படிக்கலாம். ராசா மகள் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும் என்பது காலண்டர் படங்கள் நமக்குப் பழக்கிய கெட்ட பழக்கம். கறுப்பாக வரைந்தால் நியாயம் மட்டுமில்லை, காட்சியும் நன்றாக இருக்கும்.

(ஒரு சின்ன விஷயம். ஆத்தங்குடித் தரையும் பர்மாத் தேக்குமாக நாம் இன்று பார்க்கிற வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை கட்டியவை. ராசா பகையெல்லாம் நடந்த காலம் அதற்கும் முந்தியது. அப்பத்தா கதைக்கு ஆண்டு கேட்க முடியாது, தாராளமாக வையுங்கள். ஆனால் யாராவது கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும்.)

நகை. இதைக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தாளில் அவள் கழுத்தில் கழுத்துருவை வரைந்திருக்கிறீர்கள். கல்யாணத்தில் தாலியாகப் பூட்டுவது அது. கல்யாணமாகாத பெண் கழுத்தில் அதைப் பார்த்தால் நம் பக்கத்து ஆச்சிமார் படத்தை அங்கேயே நிறுத்தி உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். அது போக, ஒட்டியாணம், வங்கி, ராக்கொடி, ஜிமிக்கி, ஏழு வளையல். கையால் வரைகிற அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு ஓவியம் என்று சிக்கனமாகப் போனாலும் நொடிக்கு 12 ஓவியம். அந்த ஏழு வளையலை 12 முறை வரைய வேண்டும், ஒவ்வொரு நொடிக்கும். வரைகிறவர் சலித்துப்போனால் வளையல்கள் மணிக்கட்டில் நடுங்கத் தொடங்கும். அந்தக் காலத்து டிஸ்னி இளவரசிகள் அதிக நகை இல்லாமல், வழவழப்பான ஒற்றை நிறத் துணியோடு இருப்பதற்கு ரசனையோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அவளுக்கு ஒரே ஒரு நகை விடுங்கள், அவள் மறைக்க வேண்டிய நகை. முந்தானைக்குள் போட்டுக்கொண்டு, பதற்றம் வரும்போதெல்லாம் துணிக்கு மேலாகவே அதைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று வையுங்கள். அத்தனை நகையும் சொல்லாததை அது சொல்லும்.

கண்டாங்கிக் கட்டத்துக்கும் இதே சிக்கல் உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அரக்குச் சிவப்பும் கடுகு மஞ்சளும் கறுப்புமாக அதற்கென்று ஒரு கம்பீரம் இருக்கிறது, விட மனசு வராது. ஆனால் உடம்பு அசையும்போது துணி மடியும், மடிப்புக்கு மடிப்பு கட்டம் முறியும். அதைக் கையால் பின்தொடர்வது பெரும்பாடு. கட்டத்தை மடிப்போடு வளைக்காமல் தட்டையாக ஒட்டினால் துணிக்குள் ஆள் இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு அவளை ஆத்தங்குடித் தரையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கட்டத்துக்குக் கீழே பூ, பூவுக்குப் பக்கத்தில் கட்டம், கண் எங்கே நிற்பது? உடலுக்கு ஒற்றை நிறம் கொடுத்து, அகலக் கரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்குக் கண்டாங்கி என்று கரையிலேயே தெரிந்துவிடும். தரைக் கல்லின் நிறத்தையும் இரண்டு படி மங்க வையுங்கள்.

கேரக்டர் டிசைன் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது சில்லவுட் சோதனை. உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் ஆள் யார், என்ன மனநிலை என்று தெரிய வேண்டும். உங்களுக்கு அதிர்ஷ்டம், செட்டிநாட்டு வீடே இந்தச் சோதனையைச் செய்து கொடுக்கிறது. முகப்பில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவாக நேர்கோட்டில் பின்கட்டு வரை தெரியும். வெளிச்சம் மேலே திறந்த முற்றத்தில் மட்டும் விழும், இடையில் இருப்பதெல்லாம் இருட்டு. யார் ஒரு நிலையில் வந்து நின்றாலும் பின்னாலிருக்கும் வெளிச்சத்தில் கருநிழலாகத்தான் தெரிவார். காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு வீட்டுக்கு மத்தியான வேளையில் போய், உள்ளே யாராவது நடமாடுவதை முகப்பிலிருந்து கொஞ்ச நேரம் பாருங்கள். முகம் தெரியாமலே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று சொல்லிவிடுவீர்கள். வீட்டுக்காரர் தூணை உரசிக்கொண்டு போவார், விருந்தாளி நடுவழியே நடப்பார். ராசா மகளை அந்த முதல் கதவில் அறிமுகப்படுத்துங்கள். முகத்தைக் காட்ட அவசரப்பட வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒன்று. பெரிய கண் என்றால் வெகுளித்தனம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் அய்யனார் கோயில் வாசலில் இருக்கிற காவல் தெய்வத்துக்கும் பெரிய கண்தான், அவரைப் பார்த்து யாரும் வெகுளி என்று சொன்னதில்லை. வித்தியாசம் கருவிழியில் இருக்கிறது. கருவிழி பெரிதாகி, மேல் இமைக்குள்ளும் கீழ் இமைக்குள்ளும் போய் ஒட்டிக்கொண்டால் மென்மை. கருவிழி சிறுத்து, சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் சினம், அல்லது திகில். ராசா மகளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையை வழக்கமான நிலையாக வையுங்கள். அப்போதுதான் அவள் கோபப்படும்போது ஒரு காவல் தெய்வச் சாயல் எட்டிப் பார்க்க இடம் இருக்கும்.

கடைசியாக ஒரு உத்தி, இது எல்லோருக்கும் கைவராது: கோடு. இசாவோ தகஹாதா 2013இல் எடுத்த 'இளவரசி காகுயாவின் கதை'யில், விருந்து மண்டபத்தில் குடித்தவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு காகுயா எழுந்து ஓடும் காட்சி ஒன்று உண்டு. அதுவரை மென்மையாக ஓடிய கோடு அங்கே கரித்துண்டால் கிறுக்கிய மாதிரி உடைகிறது. அடுக்கடுக்காக உடுத்தியிருந்த அரசியுடைகள் ஒவ்வொன்றாக வழியில் கழன்று விழுகின்றன. முகம் கிட்டத்தட்டச் சில கீறல்கள்தான். ஆனாலும் அந்தக் கோபத்தை யாரும் தவறாகப் படிக்க முடியாது. ஜப்பானியர்கள் இளவரசி என்ற பேரையே பயமில்லாமல் கையாளுகிறார்கள். மியாசாக்கியின் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997) படத்தில் நாயகி சானை நாம் முதன்முதலாக நெருங்கிப் பார்க்கும்போது, அவள் ஓநாயின் காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருக்கிறாள், வாயெல்லாம் சிவப்பு. உங்கள் எட்டு நிமிடத்தில் ஒற்றன் வீட்டுக்குள் நுழையும் இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே மட்டும் கோட்டை உடைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் சுத்தமாக வைத்திருந்தால்தான் அது எடுபடும்.

இனி கிரீடம். வைக்கலாம். ஆனால் தான் யார் என்று அப்போதுதான் தெரிந்தது போல அவள் முகம் மலர்வதற்காக வைக்காதீர்கள், அது நாம் முதல் நிமிடத்திலிருந்து அறிந்ததுதான். அரண்மனைக்குத் திரும்பிப் போகிறாள், பட்டு உடுத்தியிருக்கிறாள், தலையில் கிரீடம். படி இறங்கும்போது கை தானாகப் பட்டுப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகுகிறது. பின்னால் விளிம்பைப் பிடிக்க வந்த தோழிகள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். முதல் பாதியில் அந்த வீட்டில் பொருந்தாதவள் இப்போது அரண்மனையில் பொருந்தவில்லை. இது தெரிவதற்குக் கிரீடம் தலையில் இருந்தாக வேண்டும். கல் மட்டும் மூன்றுக்கு மேல் வேண்டாம், நொடிக்கு 12 முறை வரைகிறவர்கள் பாவம்.